பதினாலாம் கவுன்ட்டர்

முன்பெல்லாம் டாக்டர் சொல்வார், நோயாளி கேட்பார். இது பெரிய அநியாயம் என்று அண்மையில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே சென்னையிலுள்ள அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது நோயாளிதான் முடிவெடுக்கிறார். "உங்கள் உடல், உங்கள் முடிவு" என்று வாசலில் பலகைகூட வைத்திருக்கிறார்கள்.

இந்த மகத்தான உரிமை, பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு கிராமத்துக்கு அந்தாண்டை உள்ள குப்பத்தில் வலை போட்டுப் பிழைக்கும் செங்கல்வராயனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழங்கப்பட்டது. அவருக்கு வயது அறுபத்துமூன்று. பக்கத்தில் மனைவி இந்திராணி நின்றாள்.

"புராஸ்டேட்ல கேன்சர். ஆரம்பக் கட்டம்தான், பயப்படாதீங்க" என்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் பயப்படவில்லை. "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இல்லன்னா கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சுக்கலாம். ரெண்டுலயும் பலன் ஒண்ணுதான். எது வேணும்?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

"நான் சொல்லக் கூடாதுப்பா. உங்க உரிமையில தலையிட்ட மாதிரி ஆயிடும். பதினஞ்சு நாள்ல இந்த ஃபாரத்துல டிக் பண்ணிக் கொண்டாங்க. சந்தேகம் இருந்தா பதினாலாம் கவுன்ட்டர்."

செங்கல்வராயனுக்குச் சந்தேகம் இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் ஆழம் கிடையாது. கம்பு நட்டு வலை கட்டுகிறவன் மார்பளவுத் தண்ணீரில் நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டும். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஆள் தண்ணீரில் இல்லையென்றால் அந்த முறை போனது போனதுதான். அவருக்குப் பாடு வர ஆறு மாதம் இருந்தது. எதைச் செய்துகொண்டால் அதற்குள் மறுபடி தண்ணீரில் நிற்கலாம்? மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்குமாமே, அது நிற்குமா நிற்காதா? மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருந்தது. அதை இந்திராணியை வைத்துக்கொண்டு கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

பதினாலாம் கவுன்ட்டருக்கு மேலே "நோயாளர் தகவல் தேவை கண்டறியும் திட்டம் - முதற்கட்டம்" என்று எழுதியிருந்தது. உள்ளே திட்ட அலுவலர் மனோரமா கையகல மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"ஐயா, உங்களுக்குத் தகவல் எவ்வளவு வேணும்? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"எனக்கு ஒரே ஒரு தகவல் வேணும்மா. ஆபரேஷன் பண்ணிகினா எத்தினி நாள்ல தண்ணில எறங்கலாம்?"

"ஒரே ஒரு தகவல். அப்போ 'ஒண்ணு'ன்னு போட்டுக்கறேன்." போட்டுக்கொண்டு மெஷினைத் துழாவினாள். "தண்ணில நிக்கறதுன்னு இதுல இல்லையே. நீச்சல்தான் இருக்கு. பொழுதுபோக்குல சேத்துடட்டுமா?"

"சேத்துக்கோ தாயி" என்றாள் இந்திராணி. "அம்பது வருசமா ஏரில பொழுதுதான போக்கிகினு கீறாரு. பதில் எங்க?"

"பதில் நாங்க குடுக்கறதில்லம்மா. தேவையைக் கண்டுபிடிக்கறது மட்டும்தான் எங்க வேலை. நிறைவேத்தறது ரெண்டாம் கட்டம்."

"அது எப்போ?"

"முதல் கட்ட அறிக்கை வந்ததும் கமிட்டி போடுவாங்க."

"உனுக்கு பதில் தெரியுமா, தெரியாதா? அத்த சொல்லு."

மனோரமா குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சாலும் சொல்ல முடியாதும்மா. சொல்லிட்டா ஐயாவுக்குத் தேவையே இல்லாமப் போயிடும். அப்புறம் நாங்க எதைக் கண்டுபிடிக்கறது?"

இந்திராணிக்கு ஊரில் வாயாடி என்று பெயர். அவளே ஒரு கும்பிடு போட்டாள். கடைசியில் ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள். அட்டையில் நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அனுப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டும்போது இந்திராணி ரயிலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சிகிச்சைக்குப் பின் கோல்ஃப் எப்போது ஆடலாம் என்பதற்கு இரண்டு பக்கம் இருந்தது. இறால் பற்றி ஒரு வரியும் இல்லை.

"பேஜாரு புஸ்தகம்" என்று அதைப் பைக்குள் திணித்தாள்.

பத்தாம் நாள் திட்டம் குப்பத்துக்கே வந்தது, இரண்டு ஜீப்பில். வலைக் கொட்டகையில் பேனர் கட்டி, டீயும் பன்னும் கொடுத்து, "அனுபவப் பகிர்வுக் கூட்டம்" நடத்தினார்கள். ஊரில் பாடு சீட்டு எடுக்கும் பெரியவர் வேதாசலத்துக்கு முன்வரிசையில் சால்வை. வேதாசலம் இரண்டு வருடத்துக்கு முன் கிட்னியில் கல் என்று சென்னையில் ஒரு மாதம் இருந்து திரும்பியவர். ஆஸ்பத்திரி விவரம் தெரிந்த மனிதர் என்று ஊரில் தனி மரியாதை.

"உங்கள்ல யாருக்காவது புராஸ்டேட் சிகிச்சை அனுபவம் இருக்கா? வெட்கப்படாமச் சொல்லுங்க" என்றாள் மனோரமா.

ஆண்கள் அத்தனை பேரும் பன்னை உற்றுப் பார்த்தார்கள். வேதாசலம் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"எங்க ஊர்ல அந்த மாதிரி சீக்கெல்லாம் யாருக்கும் வந்ததே இல்லீங்க."

கைதட்டினார்கள். செங்கல்வராயனும் தட்டினார்.

பதினாலாம் நாளும் வந்துவிட்டது. ஃபாரம் வெறுமையாக இருந்தது. அவர் வேதாசலத்தின் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, கத்தியா, கரண்ட்டா? ஒண்ணும் புரியல. நீ ஆஸ்பத்திரில கெடந்தவன், சொல்லேன்."

வேதாசலம் கூரையைப் பார்த்தார். "கல்லப் பத்தி கேளு, சொல்றேன். இதுல எனுக்கு இன்னாப்பா தெரியும்? ஒண்ணு செய்லாம். சீட்டுப் போடலாம்."

ஏரியையே சீட்டில் பங்கிடுகிற ஊர். இதற்கு மட்டும் சீட்டு ஆகாதா என்ன? பாடு எடுக்கும் அதே பித்தளைச் செம்பில், வழக்கம்போல் கற்பூரம் காட்டி, இரண்டு சீட்டுப் போட்டார்கள். வேதாசலம் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். "கத்தி" என்று வந்தது. செங்கல்வராயன் டிக் அடித்தார். தீர ஆராய்ந்து, முழு விவரம் அறிந்து எடுத்த முடிவு என்று ஃபாரத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து, மூத்திர டியூபையும் எடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் முதல் சொட்ட ஆரம்பித்தது. எழுந்தால் சொட்டியது, இருமினால் சொட்டியது. இனி வாழ்நாளெல்லாம் இப்படித்தான் என்று நினைத்துச் செங்கல்வராயன் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதார். இந்திராணி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம், ஊர் அடங்கியிருந்த நேரத்தில், வேதாசலம் பின்வாசல் வழியாக ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையில் பெரியவர்களுக்கான பேட் கட்டு ஒன்றும் கறுப்பு லுங்கி இரண்டும் இருந்தன.

"கறுப்புன்னா ஈரம் தெரியாது" என்றார். "மூணு மாசம் சொட்டும். மூத்திரத்த அடக்கற மாதிரி அடக்கி அடக்கி உடு, டெய்லி. தன்னால நின்னுடும். நான் அஞ்சாம் மாசம் தண்ணில எறங்கிட்டேன். அப்பால, அது... அந்த விசயம்... கொஞ்சம் லேட்டாவும். அவசரப்படாத."

செங்கல்வராயன் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப உன் கல்லு?"

வேதாசலம் தலையைக் குனிந்தார். இரண்டு ஜீப்பும், நூற்றுப் பன்னிரண்டு கேள்வியும், ஒரு டாக்டரும் தராத பதிலை இந்த மனிதர் இரண்டு வருடமாக லுங்கிக்குள் முடிந்து வைத்திருந்தார். செங்கல்வராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடப்பாவி! சீட்டு எடுக்கும்போதாவது வாயத் தொறந்தியா?"

"ஊருக்குத் தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்கப்பா?"

சொன்னபடியே மூன்றாம் மாதம் நின்றது. ஆறாம் மாதம், பாடு வந்த நாளில், செங்கல்வராயன் தண்ணீரில் இறங்கினார். திட்ட அறிக்கையும் வெளியானது: குப்பத்து நோயாளிகளுக்குத் தகவல் தேவை மிகக் குறைவு, ஐந்துக்கு ஒன்று, பாரம்பரிய முறையில் தாங்களே முடிவெடுக்கிறார்கள், எனவே இரண்டாம் கட்டம் அவசியமில்லை. மனோரமாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே காட்டூரிலிருந்து வேலு என்ற விவசாயி கரைக்கு வந்தான். செங்கல்வராயனும் வேதாசலமும் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் நண்டு வாங்க நாலைந்து பேர்.

"அண்ணே, நீ மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணிகினன்னாங்க. எனுக்கு புராஸ்டேட்டுன்னு சொல்றாங்க. கத்தியா கரண்ட்டான்னு கேக்கறாங்க. எத்தினி நாள்ல சேத்துல எறங்கி நாத்து நடலாம்னு யாருமே சொல்ல மாட்றாங்க. உனுக்கு இன்னா ஆபரேஷன்?"

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். நண்டு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கறுப்பு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கல்லுப்பா" என்றார். "கிட்னில. இதுக்குப் பதினாலாம் கவுன்ட்டர்னு ஒண்ணு கீது, அங்க போ. நல்லா கேட்டுப்பாங்க."

வேலு நம்பாமல் வேதாசலத்தைப் பார்த்தான்.

"மெய்தாம்பா" என்றார் வேதாசலம், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இத்தாம்பெரிய கல்லு. நானே கண்ணால பாத்தேன்."