ஃப்ரீ மார்க்கெட்டுக்குக் கை தூக்கிய விவரம்

கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஸ்டாண்டைக் கொண்டு போனார்களே, அதற்கு மறு வருஷம், மழைத் தண்ணியோடு எங்கள் தெருவுக்குள் கெண்டை மீன் வந்து உன் அக்கா ஞானசௌந்தரி முந்தானையிலே பிடித்துக் குழம்பு வைத்தாளே, அந்த வருஷம் ஐப்பசியில் மேற்குத் தாம்பரத்திலிருந்து சவுரிமுத்து எழுதுவது.

மதுராந்தகத்தில் இருக்கும் என் அன்பு மச்சானுக்கு, சேசு மரி சூசை துணையால் இவ்விடம் உன் அக்கா சுகம், கோழிகள் சுகம், நானும் இடது பக்கம் முழுக்கச் சுகம். வலது பக்கம்தான் சுகமில்லை. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். மாடியில் குடியிருக்கும் ஜோசலின் டீச்சர்தான் எழுதுகிறார்கள். நான் ‘கீது’ என்றால் அவர்கள் ‘இருக்கிறது’ என்று போடுகிறார்கள். போகப் போக அவங்களுக்கும் கை வலிக்கும், அப்புறம் நான் பேசறதே வரும், பொறுத்துக்கோ.

விஷயம் என்னவென்றால் எனக்குக் குடல் இறங்கியிருக்கிறது. அறுத்துத்தான் தைக்கணுமாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் ஃபிரெடி, ஜிஎஸ்டி ரோட்டில் கண்ணாடி வைத்த பிரைவேட் ஆஸ்பத்திரி என்கிறான். கவர்மென்ட் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஜீவானந்தம், கவர்மென்டுதான் என்கிறார். ஞாயித்துக்கிழமை சோத்துல உக்காந்தா இதே பேச்சு. “மாமா, எல்லாரோட ஆஸ்பத்திரி பில்லையும் சர்க்கார் ஒண்ணே கட்டிடணும், அதுக்குப் பேரு சிங்கிள் பேயர்”னு மாப்பிள்ளை சொன்னாரு. ஒரே ஆள் கட்டறதுன்னா அந்த ஒரே ஆள் யாரு, இந்த வூட்ல பென்ஷன் வாங்கறவன் நான் ஒருத்தன்தானே. ஃபிரெடி விடறானா? “ஊருக்கே ஒரே இட்லி கடைன்னா அவன் ஊத்தறதுதான் சட்னி. பத்து கடை போட்டி போட்டாதான் ருசி. ஃப்ரீ மார்க்கெட் வேணும்”னான். “இட்லி பிடிக்கலன்னா எழுந்து பக்கத்து கடைக்குப் போவலாம் மச்சான், நெஞ்சு வலிக்காரன் எழுந்து எந்தக் கடைக்குப் போவான்?”னு இவரு. “உங்க ஆஸ்பத்திரில எலி கூட டோக்கன் வாங்கிகினு நிக்குது”ன்னு அவன். “உங்க ஆஸ்பத்திரில எலி பூந்தா அதுக்கும் ஸ்கேன் எடுத்துட்டுதான் வெளியே வுடுவாங்க”ன்னு இவரு. உன் அக்கா ரசம் ஊத்திகினே, “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள இவருக்கு முழங்கால் வரைக்கும் இறங்கிடும்”னா.

இது வூட்டோட நிக்காம, தெருக்காரங்க ஜெபத்துக்குக் கூடற அன்பியக் கூட்டத்துக்கும் போயிடுச்சு. ஜெபம் முடிஞ்சு சுண்டல் வர்றதுக்குள்ள ரெண்டு கட்சி. நோயாளி நீங்கதான், நீங்களே சொல்லுங்கன்னு எல்லாரும் என்னைப் பாத்தாங்க. டிவி ஃப்ரீ, மிக்ஸி ஃப்ரீ, உன் அக்காவுக்கு பஸ்ஸு ஃப்ரீ. இப்ப மார்க்கெட்டே ஃப்ரீன்னா வாணாம்னு சொல்ல நான் இன்னா பைத்தியமா? “நான் ஃப்ரீ மார்க்கெட்டு”ன்னு கைய தூக்கிட்டேன். மாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் சுண்டலைக் கூட வாங்கல.

ஃபிரெடி அன்னிக்கு சாயங்காலமே கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனான். மச்சான், உள்ள ஊட்டி மாதிரி குளுரு. மாஸ்க் போட்ட டாக்டர் ஒருத்தர் ஜில்லுன்னு விரல வெச்சி, “இருமுங்க பெரியவரே”ன்னாரு, இருமினேன். வெளியே வந்து ஒரு பொண்ணு எவ்ளோன்னு சொல்லிச்சு. ஃப்ரீதானேம்மான்னேன். “தண்ணி ஃப்ரீ தாத்தா”ன்னு கேனைக் காட்டிச்சு. அங்கியே உக்காந்துட்டேன். சேதி தெரிஞ்ச மாப்பிள்ளை மறுநாள் காலைல ஓடி வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு, ஃபிரெடியும் குத்தம் கண்டுபிடிக்கக் கூடவே வந்தான். வரிசைல நின்னு நின்னு எனக்கு முன்னாடி நின்னவன் குடும்பக் கதை பூரா மனப்பாடம். கடைசில திரைக்குப் பின்னால படுக்க வெச்சாங்க. ஒரு மாஸ்க், ஒரு ஜில்லு விரல், “இருமுங்க பெரியவரே.” முகம் மறந்தாலும் அந்த விரல் மறக்குமா? “சார், நேத்து சாயங்காலம் கண்ணாடி ஆஸ்பத்திரில இருமச் சொன்னது நீங்கதானே?”ன்னேன். “அங்க இதைவிட நல்லாவே இருமினீங்க”ன்னாரு. சத்யநாராயணன்னு பேராம், காலைல இங்க, சாயங்காலம் அங்க. “எங்க வந்தாலும் நான்தான், சீக்கிரம் வாங்க”ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள இருமச் சொல்லப் போயிட்டாரு.

ஆட்டோல வூடு வர்ற வரைக்கும் மாப்பிள்ளையும் மகனும் ஆளுக்கொரு பக்கம் ரோட்ட பாத்துகினு வந்தாங்க. சண்டை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். வாசல் கேட்ட தாண்டறதுக்குள்ள மாப்பிள்ளை, “காலைலதான் டாக்டர் கை நடுங்காது, சாயங்காலத்துக்குள்ள களைச்சுடுவாரு”ன்னாரு. ஃபிரெடி, “சாயங்காலந்தான் அவர் பேஷண்ட் முகத்தையே பாப்பாரு”ன்னான். அவ்ளோதான், மறுபடி ஆரம்பம். நீ தாய்மாமன். உன் வார்த்தைக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவாங்க. அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்து காலையா சாயங்காலமான்னு தீர்ப்பு சொல்லிடு. உன் வூட்டு ஆளுங்க, ஆடு மாடு அத்தனைக்கும் என் ஆசீர்வாதம். உன் அக்கா மீனு வறுத்து வெக்கறேன்னு சொல்லச் சொன்னா.

இப்படிக்கு, இருமி இருமித் தொண்டை கட்டின
சவுரிமுத்து

பின்குறிப்பு: டீச்சர் பேனாவை மூடிட்டாங்க, கெஞ்சித் திறக்க வெச்சேன். மச்சான், நீ வராதே. ஃப்ரீ மார்க்கெட்டுன்னா இன்னான்னு மாப்பிள்ளை மொதல் நாளே புரியறாப்பல சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் கைய தூக்கினேன். அவங்க ராசி ஆவறாப்பல இருந்தா, “ஏம்பா, காலைலயா சாயங்காலமா”ன்னு காபி குடிச்சுகினே ஒரு வார்த்த போடுவேன், பத்திக்கும். அவங்க பேசற வரைக்கும் என் மேல கத்தி வராது. குரோம்பேட்டை தோல் கம்பெனில மூட்டை தூக்கிக் குடல் இறங்கின உங்க மூணு பேரையும் ஒரே வார்டுல போட்டாங்களே, நான் கஞ்சி தூக்கிகினு வந்து பாத்தவன்தானே. வாசப்பக்கம் ஜெயவேலு, அறுத்தாங்க, போயிட்டான். நடுவுல ஏசுபாதம், அறுத்தாங்க, அவனும் இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல போயிட்டான். அறுத்து நாப்பது வருஷம் கழிச்சுத்தானே போனாங்கன்னு டீச்சர் கேக்கறாங்க, போனாங்களா இல்லியா, அத சொல்லுங்கன்னேன். ஆபரேஷன் காலைல ஆஸ்பத்திரி பச்சை சட்டையோட கக்கூஸ் ஜன்னல்ல பூந்து ஓடினவன் ஒருத்தன் மட்டும் இன்னிக்கும் உசுரோட கீறான். அந்த ஜன்னல்ல மொதல்ல தலைய வுட்டியா கால வுட்டியான்னு மட்டும் எனக்கு ஒரு வரி எழுது, லாசரஸு.