நெருப்பெரிச்சல் வண்டியில் மரியாதை

காலை ஐந்து ஐம்பது. நெருப்பெரிச்சலில் முதல் டிரிப் கிளம்ப வேண்டும். கண்டக்டர் காசிமாயன் படிக்கட்டில் நின்று, ஏற வந்த சென்னம்மாளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"வாங்கம்மா. பார்த்து ஏறுங்க. கூடையை நான் பிடிச்சுக்கறேன்."

சென்னம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டாள். தினமும் இதே வண்டியில் டவுனுக்குக் கீரை கொண்டுபோய் விற்பவள். நேற்றுவரை அவள் கேட்டது வேறு.

"ஏ கெழவி, கூடைய அங்கிட்டுத் தள்ளு. பஸ்ஸு என்ன ஒங்கப்பன் வாங்கி விட்டதா?"

இப்போது கூடையை இறுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க கண்டக்டரே, உடம்புக்கு முடியலீங்களா?"

"நல்லா இருக்கேங்கம்மா. நீங்க உட்காருங்க."

வழக்கமான முன் சீட்டில் அவள் உட்காரவில்லை. நாலு சீட் தள்ளிப் போய், கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

காசிமாயன் அதைக் கவனித்தான். ஒருவேளை இவளாகவே இருக்கலாம் என்று தோன்றியது.

டெப்போவுக்குப் புது மேனேஜர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெயர் அனுசுயா. அவர் வந்ததும் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சட்டைக்குப் பெயர்ப் பட்டை வந்தது. டிக்கெட் அடிக்கும் மெஷின் வரப்போகிறது என்றார். ஓய்வறைக்கு வெள்ளையடித்தார். எதற்காக என்று யாருக்கும் புரியவில்லை. சம்பளத்தில் கைவைக்கத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் சொன்னது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

"பயணிகளை இனிமே வா, போன்னு பேசக்கூடாது. யார் எப்படிப் பேசறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். நம்ம ஆளுங்க பயணி மாதிரியே வண்டியில வருவாங்க."

கூட்டம் முடிந்ததும் காசிமாயனைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களை நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜையில இருக்கு. வெள்ளிக்கிழமை பார்க்கறேன்."

உசிலம்பட்டியிலிருந்து வந்து ஆறு வருடமாகத் தினக்கூலி கண்டக்டர். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். அன்று மாலை பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு வந்த மனைவி செல்லத்தாயிடம் சொன்னான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒன் வேலைய எவனும் குறை சொல்ல முடியாது. வாயத்தான் சொல்லுவான். வெள்ளிக்கெழம வரைக்கும் அத மட்டும் கழுவி வச்சுக்க."

கழுவி வைத்தாயிற்று. இன்று செவ்வாய்.

போயம்பாளையத்தில் கம்பெனிக் கூட்டம் ஏறியது. படிக்கட்டில் பையன்கள் தொங்கினார்கள். வழக்கமாக ஒரு சத்தம் போட்டால் போதும், இன்னும் இருபது பேருக்கு இடம் கிடைக்கும்.

"தம்பிங்களா, தயவுசெஞ்சு உள்ள வாங்க."

யாரும் நகரவில்லை. யாரிடமோ சொல்கிறான் என்று நினைத்தார்கள். தொங்கியவர்களில் ராஜபாண்டி சிவகாசிப் பக்கத்துக்காரன், ஓவர்லாக் டெய்லர். அவன் தலையை உள்ளே நீட்டினான்.

"அண்ணே, யாருகிட்டப் பேசுதீக?"

"உங்ககிட்டதாங்க தம்பி."

ராஜபாண்டி சட்டென்று உள்ளே வந்தான். பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் காசிமாயனின் கண்களை உற்றுப் பார்த்தார்கள். இவர்களாகவும் இருக்கலாம்.

மூன்றாவது சீட்டில் ஒரு புதுமுகம். கண்ணாடி, தோல் பை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். காசிமாயனுக்கு இனிச் சந்தேகம் இல்லை.

"சார், காத்து வருதுங்களா? ஜன்னலைத் திறக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"டவுன்ல எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க. வாசல்லயே நிறுத்தச் சொல்றேன்."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ரிப்போர்ட் எழுதத்தான் போகிறார் என்று காசிமாயன் நினைத்தான். நல்லபடியாகத்தான் எழுதுவார்.

டிரிப் முடிந்து டீக்கடையில் நின்றபோது டிரைவர் கிட்டுசாமி கேட்டார்.

"ஏப்பா, விசில் என்னாச்சு? 'போலாங்க டிரைவர் சார்'ங்கறே."

"மரியாதையாப் பேசணுமுல்லங்க."

"எங்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயுங்க."

கிட்டுசாமி டீயைப் பாதியில் வைத்தார். மேனேஜரின் ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் பின்னால் நின்று டிக்கெட் கிழித்தவன்தான்.

அதன்பிறகு அவர் சட்டப்படி ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை முழுசாக நிறுத்தினார். யாரையும் முந்தவில்லை. மாட்டு வண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போனார். ஹாரனைத் தொடவே இல்லை. கம்பெனி கேட் சாத்தியபிறகு போய்ச் சேர்ந்தவர்கள் அரை ஷிப்டை இழந்தார்கள்.

"டிரைவர் அண்ணா, கொஞ்சம் மிதிங்க."

"ரூல்ஸ் கண்ணு. பின்னாடி இருக்கறவரைக் கேளு."

பின்னாடி இருந்தவரைக் கேட்டார்கள். அவன் சிரித்தான்.

"சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க."

புதன்கிழமை கூட்டம் குறைந்தது. மரியாதை போதவில்லை என்று காசிமாயன் முடிவு செய்தான். இன்னும் கொஞ்சம் சேர்த்தான். ஏறியவர்களிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டான். இறங்கியவர்களுக்குக் கைகாட்டினான். தன் வாயில் பீடி நாற்றம் அடிக்கிறதோ என்று பயந்து ஏலக்காய் மென்றான்.

பெண்கள் முன் சீட்டுகளைக் காலி செய்துவிட்டு ஜன்னலோரம் ஒடுங்கினார்கள். ஒருத்தி குழந்தையை அவன் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தாள்.

சென்னம்மாள் இறங்கும்போது கூடைக்குள் கைவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"வச்சுக்குங்க கண்டக்டரே."

காசிமாயன் பின்வாங்கினான். இது பொறி. பயணியிடம் பொருள் வாங்கினால் அன்றோடு வேலை போய்விடும்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான் அதெல்லாம் வாங்கறதில்லீங்க."

"காசு வேண்டாமுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"உங்க அன்பே போதுங்க."

சென்னம்மாள் பழத்தை உள்ளே போட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததுபோல் இருந்தது. நடிப்பிலும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டான்.

பின்னாலேயே தனியார் வண்டி வந்து நின்றது. அதன் கண்டக்டர் கத்தினான். "ஏறு, ஏறு. என்ன பராக்குப் பாக்கறே? உள்ள போய்யா." சனங்கள் முகம் மலர்ந்து அதில் ஏறிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் செக்கிங் இன்ஸ்பெக்டர் சுப்பண்ணன் நடுவழியில் கைகாட்டி ஏறினார். வண்டியில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

"வாங்க ஐயா. படி உயரம், பார்த்து."

சுப்பண்ணன் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. காசிமாயனுக்கு வெகு அருகில் வந்து நின்றார்.

"பையில இருக்கற சில்லறையை எண்ணுங்க. வாய்விட்டு."

எண்ணினான். சரியாக இருந்தது.

"முன் வாசல்வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க."

நடந்தான். திரும்பி வந்தான்.

"வாயில என்ன?"

"ஏலக்காய்ங்க ஐயா. பயணிகளுக்காக."

"பயணிகளுக்காக" என்று சுப்பண்ணன் திருப்பிச் சொன்னார். பிறகு கிட்டுசாமியிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். கிட்டுசாமி ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. மூணு நாளா அவரு பழைய ஆளே இல்லீங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

சுப்பண்ணன் இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் காசிமாயன் உற்சாகமாக இருந்தான்.

"எண்ணச் சொன்னாக, நடக்கச் சொன்னாக. மெட்ராசுல இப்பிடித்தான் பரீட்சை வப்பாகளாம். எல்லாம் பாசு."

செல்லத்தாய் நம்பவில்லை. "கண்டக்டர எதுக்கு நடக்கவிட்டுப் பாக்குறாக?"

"அதான் புது நிர்வாகம்."

வெள்ளிக்கிழமை அனுசுயா கூப்பிட்டனுப்பினார். காசிமாயன் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பெயர்ப் பட்டையைத் துடைத்துக் குத்திக்கொண்டு போனான். மேஜைமேல் அவனுடைய ஃபைல் திறந்திருந்தது. பேனா மூடியபடி இருந்தது. சுவரோரம் ஸ்டூலில் சென்னம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவன் நினைத்தது சரிதான். இவளேதான் அந்த ஆள்.

"வணக்கங்க மேடம். வணக்கங்கம்மா."

சென்னம்மாள் மேனேஜரைப் பார்த்தாள். பாருங்கள் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"காசிமாயன்" என்றார் அனுசுயா. "இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் கிடையாது. இந்த மூணு நாள்ல வாசல்ல கூட்டமா வந்து நிக்கறாங்க. இந்தம்மா எல்லாருக்கும் முன்னாடி வந்தாங்க. கலெக்ஷனும் பாதியாயிடுச்சு. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

காசிமாயன் மேஜையை நோக்கி ஓரடி முன்னால் வந்தான்.

"மேடம், நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லலீங்க. நீங்க அனுப்பின ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க."

"நான் யாரையும் அனுப்பலை. அதுக்கு ஆள் எங்க இருக்கு? அப்படிச் சொன்னா ஒழுங்காப் பேசுவீங்கன்னு சொன்னேன்."

காசிமாயன் சென்னம்மாளைப் பார்த்தான். அவள் வெறும் கீரைக்காரியாகத்தான் இருந்தாள்.

அனுசுயா அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. உங்களை வைதாரா?"

"இல்லீங்க அம்மணி. முன்னெல்லாம் நல்லா வைவாருங்க. தங்கமான மனுசன்."

"சில்லறை தராம விட்டாரா?"

"கையில வச்சு மூடி விட்டாருங்க."

"கையைப் பிடிச்சாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. தூர நின்னு கும்புட்டாரு."

"அப்போ என்னதான் பண்ணினாரு?"

"வாங்க, உட்காருங்க, சௌக்கியமான்னாருங்க."

அனுசுயா ஃபைலை மூடினார். "அம்மா, நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன். மரியாதையாப் பேசினதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சென்னம்மாள் எழுந்து நின்றாள். காசிமாயன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரும் நல்லவருதானுங்க அம்மணி. ஆனா என்னைய 'வாங்க, உட்காருங்க'ன்னாருன்னா பிராந்திக் கடைக்குப் போயிட்டு வந்திருக்காருன்னு அர்த்தமுங்க. இந்தத் தம்பி மூணு நாளா விடியறதுக்கு முன்னாடியே அப்படித்தான் பேசறாரு. ஏனுங்க, அந்நேரத்துக்கு எந்தக் கடைங்க திறந்திருக்கு?"