லண்டன் இரவுக்கு மதுரையின் கண்டனம்

பாரத தேசத்தின் ஒழுக்கத்தைக் காக்க மதுரை மாநகரம் எடுத்துக்கொண்ட முயற்சிகளில் தலையாயது, 1934ஆம் வருஷக் கோடையில் வக்கீல் ஹாலாஸ்யம் ஐயரை லண்டனுக்குக் கப்பலேற்றியதுதான். ஜமீன் அப்பீல் ஒன்றுக்காகப் போனார் என்பது சட்டப்படி உண்மை. தர்மப்படி, ‘மேனாட்டு இரவு நாகரிகக் கண்டன சங்க’த்தின் பிரதிநிதியாகப் போனார். சங்கம் ஆறு வருஷமாக அந்த நாகரிகத்தைப் பார்க்காமலே கண்டித்து வந்தது. ஒருவராவது பார்த்துவிட்டுக் கண்டித்தால் தேவலை என்று தீர்மானம் வந்தபோது, தலைவரான அவரே அதை ஆமோதித்தார்.

ஐயருக்குச் சந்தியாவந்தனம் தவறக்கூடாது. அதற்குமுன் சாப்பிடவும் கூடாது. லண்டன் சூரியனோ கோடையில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் அஸ்தமிப்பது என்று வைத்திருந்தான். பஞ்சபாத்திரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஐயருக்குப் பசியில் கண் இருண்டது, ஊர் இருளவில்லை. ஒருவழியாக ஜபம் முடித்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்று, ‘கண்டனத்துக்கு’ப் புறப்படலாம் என்று கோட்டை மாட்டினால் கொட்டாவி வரும். மதுரையில் எட்டரைக்கே படுத்துப் பழகிய உடம்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோட்டோடு சாய்வார். இருபத்திரண்டு ராத்திரியும் இப்படியே போயின. குறட்டை விடுவதற்காகக் கடல் தாண்டிய மகான் தன்னைத் தவிர வேறு எவனும் இருக்க முடியாது என்று திரும்பும் கப்பலில் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஆனால் சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது? கண்டனக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசினார். காணாத நாட்டிய மண்டபங்களையும் காணாத மங்கையரையும் தழுதழுத்த குரலில் வர்ணித்தார். ஒழுக்கத்தில் மதுரை ஜில்லாவுக்கு இத்தனை அக்கறை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த மாட்டுத் தரகர் சிவனாண்டி எழுந்து வேண்டிக்கொண்டார்:

“சாமி, அந்த மூணாவது மண்டபத்த இன்னொருக்கா வெளக்கமாக் கண்டிங்க.”

ஐயர் கண்டித்தார். முன்வரிசையில் குடும்பப் புரோகிதர் சொக்கநாத சாஸ்திரிகள் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சாஸ்திரிகள் வீட்டுக்கு வந்தார். கப்பலேறிய தோஷத்துக்கு மூன்று நாள் பஞ்சகவ்யம் போதுமாம். நேற்றுச் சொன்னதையெல்லாம் கண்ணால் கண்ட தோஷத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். அது முடியும்வரை கன்னிகாதானம் செய்யும் தகுதி கிடையாது. ஐயர் விரல்விட்டு எண்ணினார். மகள் சாவித்ரியின் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. தாரை வார்க்கத் தகப்பனுக்குத் தகுதியில்லை என்று தெரிந்தால் சம்பந்தி ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். மானம் போனாலும் மகள் கல்யாணம் நிற்கக்கூடாது என்று, கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார்: ஒன்றையும் பார்க்கவில்லை, அத்தனை ராத்திரியும் தூக்கம்தான்.

சாஸ்திரிகள் முகத்தில், ஏதோ சாவுச் செய்தி கேட்டதுபோல ஒரு துக்கம் படர்ந்தது.

“அப்போ கல்யாணம்?” என்றார் ஐயர்.

“பேஷா நடக்கும். பஞ்சகவ்யமே போதும்,” என்று எழுந்த சாஸ்திரிகள் வாசற்படியில் நின்றார். “ஆனா ஒண்ணு ஓய். பாத்த பாவத்துக்குப் பரிகாரம் உண்டு. அத்தனை தூரம் போயும் பாக்காம வந்து, பாத்தேன்னு சொல்லி எங்க எல்லாருக்கும் ஆசை காட்டினீரே, அதுக்கு எந்த சாஸ்திரத்துலயும் பரிகாரம் இல்லை.”