பத்து நாள் மூக்கு

"இன்றோடு பொடியை விட்டேன்!" என்று பரமசிவம் அறிவித்தார்.

பதினைந்து வருஷத்தில் இது பதினோராவது அறிவிப்பு. முந்தின பத்தையும் சுவர்தான் கேட்டது. இந்தத் தடவை கூடத்தில் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள், அதுவும் நிபந்தனையோடு.

கல்யாணப் பெண் ரத்தினம்மா அவருடைய தங்கை. தகப்பனார் இல்லாததால் மூத்த அண்ணன்தான் பெண்டாட்டியோடு மேடையேறித் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்க்கும் பரமசிவத்துக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்கக்கூடிய ஒரே மேடை அது. அதையும் மூக்காலேயே கெடுத்துக்கொண்டார். நிச்சயதார்த்தத்தன்று குனிந்து தட்டை நீட்டினார். சம்பந்தியம்மாளின் புதுப் பட்டுப்புடவை மேல் பழுப்பாக ஒரு சொட்டு!

"பெரியண்ணே, கல்யாணத்தன்னிக்கு உங்க மூக்குல பொடி இருந்துச்சுன்னா சின்னண்ணன்தான் தாரை வார்ப்பாரு. சொல்லிட்டேன்."

"அவனா? அந்தத் திருடனா?"

"திருடன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க."

சின்னண்ணன் முத்துசாமி கேலாங்கில் பள்ளிக்கூட வாத்தியார். பீடி இல்லை, வெற்றிலை இல்லை, காப்பிகூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை இதே ஃபேரர் பார்க் வீட்டில்தான் இருந்தார். அப்போது பரமசிவத்தின் வெள்ளி டப்பாவில் காலையில் நிரப்பிய பொடி மாலைக்குள் பாதியாகிக்கொண்டிருந்தது. "எடுத்தது நீதான்" என்றார் அண்ணன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராலி பஸ் ஏறிய தம்பி, அதற்குப் பிறகு இந்தப் படி மிதிக்கவில்லை. விசேஷம் என்னவென்றால், அவர் போன பிறகும் பொடி குறைந்துகொண்டேதான் இருந்தது. பரமசிவம் அசரவில்லை. பொடிக்கடை ஒலி முகம்மது பாய் எடையில் கைவைக்கிறார் என்று முடிவு கட்டினார். குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பதில் மனிதர் களைப்பே அறியாதவர்.

இங்கே ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். ஆணுக்கு ஒரு வேண்டாத பழக்கம் இருந்தால் வீடு முழுக்க அதற்குச் சேவகம் செய்கிறது. டப்பாவைத் துடைக்க ஓர் ஆள், கைக்குட்டையைத் துவைக்க ஓர் ஆள். இரண்டு ஆளும் ஒரே ஆள்தான், பெண்டாட்டி. அவர் அதை விடுகிறேன் என்று வாயைத் திறந்தாலோ, ஊரே மாலையோடு வரவேண்டும். சிவகாமசுந்தரி பதினைந்து வருஷமாக வாரம் பத்துப் பொடிக் கைக்குட்டை துவைத்தாள். அவளுக்கு யார் மாலை போட்டார்கள்?

"டப்பாவைக் கொடுங்க" என்று அவள் கை நீட்டினாள்.

"நானே தூக்கிப் போட்டுடறேன்."

"மாமா வச்சிருந்த வெள்ளி டப்பாவைத் தூக்கிப் போடறதாவது? நான் பத்திரமா வச்சுக்கறேன்."

"உள்ள நிறைய இருக்குடி. இன்னிக்குத்தான் ரொப்பினேன்."

"அதுவும் பத்திரமா இருக்கும்."

முதல் நாள் பரமசிவம் ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் முந்நூறு அரிசி மூட்டையை மூவாயிரம் என்று எழுதினார். ஐந்தாம் நாள் ஒலி முகம்மது பாயின் கடை வாசலில் போய் நின்றார்.

"என்ன கிராணி, வாங்கலியா?"

"சும்மா காத்து வாங்கறேன் பாய். நிக்கக்கூடாதா?"

"நிக்கலாம்லா. மூச்சை இழுக்கத்தான் கூடாது."

ஒன்பதாம் நாள் திட்டம் பிறந்தது. பாயிடம் ஒரே ஒரு சிட்டிகை வாங்கி, பத்திரிகைத் தாளில் மடித்து, கல்யாணத் தலைப்பாகைக்குள் செருகிக்கொள்வது. ஹோமப் புகைக்குக் கண்ணைத் துடைக்கிற சாக்கில் ஓர் இழுப்பு. யாருக்குத் தெரியும்? பழகின மூக்கு தும்மாது. பதினைந்து வருஷத்தில் அவர் ஒரு தும்மல் போட்டதில்லை. கணக்கு சரி. ஒன்றைத்தான் மறந்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது அந்தப் பழைய மூக்கு அல்ல. பத்து நாள் பட்டினி கிடந்து பச்சைப்பிள்ளையாகிவிட்ட மூக்கு.

சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபம். முந்நூறு பேர். ஹோமப் புகை எழும்பியது. பரமசிவம் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடினார். இழுத்தார். உலகம் ஒரு நிமிஷம் பிரகாசமானது. பிறகு தங்கையின் கையை எடுத்து மாப்பிள்ளை கைமேல் வைத்தார். சுந்தரி செம்பைச் சாய்க்கப் போனாள்.

"ஹா... ஹச்!"

தேங்காய்மேல் இருந்த தாலி ஆடியது. நாயனம் நின்றது. சம்பந்தியம்மாள் முதல் காரியமாகத் தன் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "பொடி!" என்று கூவினாள்.

முத்துசாமி எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். மூன்று வருஷக் கோபம் அவருக்கு முன்னால் வந்தது. "எறங்குங்கண்ணே! தங்கச்சிகிட்ட வாக்குக் குடுத்துட்டு மேடையிலேயே போடறீங்களே, வெக்கமா இல்ல?"

பரமசிவத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த தும்மல் வரிசையில் நின்றது. ரத்தினம்மா மெதுவாகத் தன் கையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதுதான் சுட்டது.

சுந்தரி செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏன் தம்பி, பொடி போடறவங்க தும்மி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி அண்ணி?"

"தவில்காரரே, நீங்க எத்தனை வருஷமாப் போடறீங்க?"

தவில்காரர் செல்லக்கண்ணு பெருமையோடு நிமிர்ந்தார். "முப்பது வருஷம்மா. தும்மினா தாளம் என்னாவுறது?"

"கேட்டுக்குங்க! பழகின மூக்கு தும்மாது. தும்முச்சுன்னா அது பொடி இல்ல, புகை. பத்து நாளா சுத்தமா இருக்கிற மூக்குங்க இது!"

"இது எந்த ஊரு நியாயம்?" என்றார் முத்துசாமி.

"நீங்க வாத்தியாரு. நான் சொன்னா நம்பவேணாம், சோதிச்சுப் பாருங்க." இடுப்பிலிருந்து வெள்ளி டப்பா வந்தது. "ஒரே சிட்டிகை."

முந்நூறு பேர் பார்க்கும்போது வாத்தியார் சோதனைக்குப் பின்வாங்க முடியுமா? தேளைத் தொடுவதுபோல் தொட்டு, மூக்கில் வைத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தும்மலில், அபசகுனம் காதில் விழக்கூடாதென்று செல்லக்கண்ணு தாமாகவே கெட்டிமேளம் முழக்கிவிட்டார். மாப்பிள்ளை பயந்துபோய்த் தாலியைத் தூக்கினார். பாதிப் பேர் அட்சதை போட்டுவிட்டார்கள். "இன்னும் இல்லே! இன்னும் இல்லே!" என்று ஐயர் மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தொங்கினார். ஐந்து. ஆறு. ஏழு.

பரமசிவம் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகைக்கு ஏழு தும்மும் மூக்கு, தினமும் அரை டப்பாவை எப்படிக் காலி செய்திருக்கும்?

"தம்பி, அன்னிக்கு எடுத்தது நீ இல்லடா."

"இப்பத்தான்... ஹச்!... தெரியுதா?" முத்துசாமியின் கண்ணில் நீர் கொட்டியது. பொடியால் எவ்வளவு, அண்ணனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. "மூணு வருஷம்ண்ணே."

"தப்புதான்டா. பொரி போட நீதான் நிக்கணும். என் பக்கத்துல நில்லு."

ரத்தினம்மா கையைத் திரும்ப அவர் கைக்குள் வைத்தாள். சுந்தரி செம்பை எடுத்தாள். ஆனால் சாய்க்கவில்லை.

"இனிமே ஜென்மத்துக்கும் பொடியைத் தொடமாட்டேன்னு இவரு முடிவு பண்ணியிருக்காரு. இல்லீங்களா?"

முன்னால் அக்கினி. பக்கத்தில் தம்பி. கையில் தங்கை. பரமசிவம் தலையாட்டினார். தண்ணீர் விழுந்தது.

சாயங்காலம் முத்துசாமி வீட்டுக்கு வந்து, இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். பரமசிவம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். சுந்தரி நிஜமாகவே புகை என்று நம்பிவிட்டாளே, பாவம் என்று சிரித்துக்கொண்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் சுந்தரி, தம்பி எடுக்கலேன்னா பின்ன யாரு எடுத்தது? பாய்தான் எடையில..."

"பாயை ஒண்ணும் சொல்லாதீங்க. எடை சரியாத்தான் இருந்துச்சு."

ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுந்தரி டப்பாவை எடுத்தாள். மூடிமேல் விரலால் இரண்டு தட்டு. ஒரு சிட்டிகை. வலது பக்கம் ஓர் இழுப்பு, இடது பக்கம் ஓர் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டாள்.

பரமசிவம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தும்மல் வரவில்லை.

"நீயா! மூணு வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லியே. தம்பியைக் கேட்டீங்க, பாயைச் சந்தேகப்பட்டீங்க. பொம்பளைக்கும் மூக்கு இருக்குன்னு உங்களுக்குத் தோணல. நான் சொல்லியிருந்தா, தம்பி தூக்கின பெட்டியை எனக்கும் தூக்கிக் குடுத்திருப்பீங்க. அதான் இன்னிக்கு அவரு மூக்கையே சாட்சிக்கு வச்சேன்."

"சரி, அந்த டப்பாவைக் கொஞ்சம்..."

"ஜென்மத்துக்கும்னு தலையாட்டினீங்களே, முந்நூறு பேரு பார்த்தாங்க."

சுந்தரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, அதைச் சுருட்டி அவர் மடியில் போட்டாள்.

"நாளையிலேருந்து துவைக்கிறது நீங்க."