காலி அறையில் பேஸ் கிடார்

மிகுந்த மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் நலமா? இதை மரியாதைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிய வேண்டியிருக்கிறது.

நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு இசைக்குழுவை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. அப்பா கிடாரும் பெரியப்பா டிரம்ஸுமாக இப்போது பத்தாவது ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள். உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. பேஸ் கிடாரே இல்லாத ஆல்பம் என்று பத்திரிகைக்காரர்களிடம் ஏதோ புதுமை போலச் சொல்லிவிட்டார்கள். வாசிக்கும் முன், அறையின் வெறும் ஓசை வேண்டும் என்று காலி அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்யும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தினமும் மூன்று மணிக்கு எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். போன செவ்வாய்க்கிழமைப் பதிவில் உங்கள் பழைய நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு யாரோ பேஸ் கிடாருக்குச் சுருதி சேர்த்தார்கள், மூன்றாவது கம்பியில் தொடங்கி. அப்படித் தொடங்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

பெரியப்பா அது ஃபிரிட்ஜ் சத்தம் என்றார். அணைத்தோம், பால் திரிந்து அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். அடுத்து மாடி வீட்டுத் தையல் மெஷின்மேல் பழி போட்டார். ஏறிப் போய்ப் பார்த்தால், அந்த அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறதாம். வியாழக்கிழமை அந்த பேஸ் கிடார் முழுப் பாட்டாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டைக் காலி செய்திருப்பார்கள். இவர்கள் மைக்கை நாற்காலிக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார்கள். "ஆளு யாரா வேணா இருக்கட்டும், தாளம் தப்பல," என்றார் பெரியப்பா. இப்போது ஆறு பாட்டில் அந்த வாசிப்பு இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது.

ஆனால் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஃபோனை எடுக்கிறார், உங்கள் எண் வரை போகிறார், வைத்துவிடுகிறார். "பண்ணித்தான் பாருங்களேன், என் தம்பிதானே," என்று அம்மா சொன்னதற்கு, "வேற யாராவது எடுத்துட்டா?" என்று கேட்டார். அதன்பின் அம்மாவும் ஃபோன் பக்கம் போகவில்லை.

அதனால்தான் கடிதம். பதில் வராவிட்டால் தபால் தாமதம் என்று கொஞ்ச நாளாவது நினைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் எந்த நிலையில் இருந்தாலும் என் வணக்கம் உங்களை வந்து சேரட்டும்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் நீங்களே ஃபோன் செய்துவிட்டீர்கள். "அப்பா இருக்காராம்மா?" என்றீர்கள். குளிக்கிறார் என்றேன். "அதக் கேக்கல. உயிரோட இருக்காரா? செவ்வாக்கிழமையிலேர்ந்து தினம் மூணு மணிக்கு என் ரூம்ல அவரு கிடார் கேக்குது. நானும் பயந்துகிட்டே கூட வாசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றீர்கள். நன்றாக இருக்கிறார் என்றதும் வைத்துவிட்டீர்கள். ஃபோனில் சொல்லாமல் விட்டதைத் தபாலில் சேர்க்கிறேன். மூன்று மணிக்கு அப்பா வாசிப்பதில்லை, மாமா. கதவுக்கு வெளியே என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.