ஊக்கு குத்திய பாட்டு

மரியஅந்தோணியின் கட்டை விரல் மறுபடியும் தவறிப்போய் ஃபாதரின் பிரசங்கத்தில் விழுந்தது.

அவருக்கு வேண்டியது பிரசங்கம் இல்லை. நாகலூர் மாதா கோயில் திருவிழா வீடியோ, கொடியேற்றியதிலிருந்து தேர் நிற்கும் வரை நீண்டு கிடந்தது. அதற்குள் எங்கேயோ ஒரே ஒரு வரிப் பாட்டு. அதைப் பிடிக்கப் படத்துக்குக் கீழே ஓடும் கோட்டை விரலால் நகர்த்த வேண்டும். காலமெல்லாம் ஜீப் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல். கோடோ தையல் நூல் தடிமன். கொஞ்சம் தள்ளினால் அன்னதானம், கொஞ்சம் இழுத்தால் பிரசங்கம். பிரசங்கத்தை அவர் நேரில் கேட்டபோதே தூங்கியவர்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசலில் சில்வர் ஓக் மரத்தடிக்கு வந்து நின்றால்தான் படம் ஓடும். அதனால் மனிதன் ரகசியமாக எதையும் பார்க்க வழியில்லை.

"பெரீப்பா, என்ன பாக்குறீங்க?" என்றாள் எதிர் வீட்டு ஃபெபி.

"தேரு."

"தேரு இன்னும் நொம்ப தூரம் தள்ளி வரும். நீங்க பாட்டுப் பக்கமே சுத்தறீங்க."

மரியஅந்தோணி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போன் வைத்திருக்கிறவர்களையே அவர் நம்புவதில்லை. போனுக்கு உள்ளே வேலை பார்க்கிறவர்களை எப்படி நம்புவது? ஃபெபி அப்படிப்பட்டவள். பெங்களூரில் இருக்கும் வீடியோ ஆப் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை செய்தாள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் வேலையாம். கோயில் வீடியோவும் அந்த ஆப்பில்தான் கிடந்தது.

இப்போது ஒரு புது வசதி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். வீடியோவில் பிடித்த இடம் வரும்போது ஓர் ஊக்குப் படத்தை அமுக்க வேண்டும். அந்த இடம் ஊக்கு குத்தினமாதிரி நின்றுவிடும். பிறகு எப்போது தொட்டாலும் நேரே அங்கே போகலாம். போன் பழகாத ஒருவர் அதை உபயோகித்துப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றாள்.

"எனக்கு என்னத்துக்குக் கண்ணு அதெல்லாம்," என்றார் அவர். சொல்லிவிட்டுப் போனை எடுத்து நீட்டினார்.

அந்த ஒரு வரியைப் பாடுவது அவர் மனைவி இன்பமேரி. படத்தில் பாடகர் குழுவின் முன்வரிசையில், மைக்கு முன்னால், நீலச் சேலையில் நிற்பாள். திருவிழா முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவே மரியஅந்தோணி அவளிடம், "கொண்டை ஊசி வளைவுல ஃபர்ஸ்ட் கியரு போட்ட ஜீப்பாட்டம் இருக்குது உம்பட பாட்டு" என்று சொல்லிவிட்டார். பத்துப் பேரும் சிரித்தார்கள். இன்பமேரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஓசூருக்கு, மகள் ஷீனா வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் போனவள்தான்.

வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் இருந்தவரை அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தால் இவர் எழுந்து ஜீப்பைத் துடைக்கப் போவார். இப்போது வீட்டில் பாட்டும் இல்லை, துடைக்க வேண்டிய அவசரமும் இல்லை. ஜீப் அழுக்காகவே கிடந்தது. சாயங்காலம் சவாரி முடிந்து வந்தால் எஞ்சினை உடனே நிறுத்த மனம் வராமல் வாசலில் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். நிறுத்தினால் வீடு கேட்கும். ஒன்றுமில்லாத வீடு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பது அவருக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

புது ஊக்கில் முதலில் சிக்கியது ஃபாதர் தண்ணீர் குடிக்கிற இடம். மரியஅந்தோணியின் விரல் பொத்தானுக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

அமுக்கியதற்குச் சற்று முன்னாலிருந்தே பிடிக்கிறமாதிரி ஃபெபி மாற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை சிக்கியது, கடைசி பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கும் மரியஅந்தோணி. தன் தொண்டைக்குழியை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை சரியாக விழுந்தது. இன்பமேரி தலைமுக்காட்டைச் சரிசெய்து, வாயைத் திறந்து, அந்த வரி தொடங்கி முடிந்தது. அவர் தொட்டார். மறுபடி வந்தாள். தொட்டார். வந்தாள். தட்டினால் வருகிறாள், கூப்பிட வேண்டியதில்லை. இதைவிட என்ன வேண்டும்? கொய்யா மரத்தில் அணில் தின்பதைக்கூட விரட்டாமல் வெயில் சாயும்வரை மரத்தடியிலேயே நின்றார்.

மறுநாள் காலை ஊக்குக்குக் கீழே எழுத்து முளைத்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'ஆண் பாடுகிறார்.'

நேரே ஃபெபி வீட்டுக்குப் போனார். அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் நாலைந்து முகங்கள்.

"எவன் கண்ணு எழுதுனது இத?"

"யாரும் எழுதல பெரீப்பா. ஊக்குல என்ன இருக்குன்னு மிஷினே கேட்டு, தானா பேரு வெச்சுக்கும்."

"மிஷினுக்குக் காது எங்கிருக்குது? என்ற பொண்டாட்டியப் போயி ஆம்பளங்குது."

அவ்வளவோடு நிற்கவில்லை. கட்டங்களைப் பார்த்துத் திரும்பி, உங்களில் யாராவது ஓர் ஆண்பிள்ளை இதைப்போல ஒரு வரி பாடிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டார். இன்னும் பலதும் கேட்டார். ஃபெபி அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் பேசியதில் கால்வாசி நீளம்கூட வரவில்லை. கட்டங்களில் இருந்தவர்கள் மிகவும் சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார்கள். இப்படி மனம் விட்டுச் சொல்கிறவர்கள் கிடைப்பதில்லையாம். அவரை நம்பி இன்னொரு வசதி சேர்த்தார்கள். மிஷின் வைத்த பெயரை ஆட்களே திருத்தலாம்.

அவர் சொல்லச் சொல்ல ஃபெபி 'இன்பமேரி பாடுகிறார்' என்று திருத்தினாள். அன்று முழுக்க அப்படியே இருந்தது. விடிந்ததும் மறுபடி 'ஆண் பாடுகிறார்.' மிஷின் தினமும் ஒருதரம் புதிதாகக் கேட்டுப் பார்த்து, தன் அபிப்பிராயத்தையே எழுதிவிடுகிறது என்றாள் ஃபெபி. திருத்துவார். அது மாற்றும். திருத்துவார். மாற்றும். அவரும் விடவில்லை, அதுவும் விடவில்லை. அப்படிப்பட்ட பிடிவாதத்தை அவர் தம் வீட்டுக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார்.

அதற்கும் கம்பெனி ஒரு வழி வைத்தது. ஆளுக்கும் மிஷினுக்கும் தகராறு வந்தால் பார்க்கிறவர்களைக் கேட்டுவிடுவது. அதிகம் பேர் சொல்வதுதான் பெயர். அதன் பிறகு மிஷின் வாய் திறக்காது.

"இது ஞாயம்," என்றார் மரியஅந்தோணி.

மதியம் மஞ்சக்குட்டையிலிருந்து திரும்பும்போது ஜீப்பின் பின்சீட்டில் சிரிப்புக் கேட்டது. அங்கே இருந்தவர்கள் தங்கள் போனில் கோயில் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய ஊக்கு ஒன்று குத்தி நின்றது. பக்கத்தில், ஊரே படிக்கிற அளவுக்கு, 'இந்தக் குரல் ஆணா, இன்பமேரியா?'

சவாரியை இறக்கிவிட்டு ஃபெபியிடம் ஓடினார். எடுத்துவிடு என்றார். ஓட்டு முடியும்வரை எடுக்க முடியாது, நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்று அவள் கையைப் பிசைந்தாள்.

"இப்ப எது முந்துது?"

அவள் மெல்லச் சொன்னாள். "ஆணு."

ஏற்காட்டுப் பக்கம் வராதவர்கள்கூட விளையாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மரியஅந்தோணி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கோயில் வாசலில் பத்துப் பேர் சிரித்ததற்கே ஓசூர் போனவள். இப்போது மலை முழுக்கச் சிரிக்கிறது. ஷீனா போனில் எப்போதும் இந்த மாதிரிதான் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். இன்பமேரி கண்ணில் இது பட்டால், மனிதன் இன்னும் அடங்கவில்லை, ஊரைக் கூட்டி மறுபடி கேலி செய்கிறான் என்றுதானே நினைப்பாள்? பிறகு எந்த பஸ்ஸிலும் அவள் ஏற மாட்டாள். இந்த வாசலில் அவள் செருப்புச் சத்தம் இனிமேல் கேட்காது.

மறுநாள் காலை மரியஅந்தோணியின் நாகலூர் ஜீப் நிறைய ஆட்களோடு கிளம்பி, கொண்டை ஊசி வளைவில் ஏறியதும் நின்றது.

"ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சு?" என்றார் முன்சீட்டில் மிளகு மூட்டையோடு இருந்த சின்னசாமி.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் போனை எடுங்க. இன்பமேரின்னு அமுக்குங்க. அமுக்கினாத்தான் வண்டி நகரும்."

"என்றது பட்டன் போனுங்க."

"பக்கத்து ஆளு போன்ல அமுக்குங்க."

"அவரு அமுக்கிட்டாருங்களே."

"அவரு சம்சாரத்துக்குப் போன் போட்டு அமுக்கச் சொல்லுங்க."

ஏற்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள், ஸ்கூலுக்குப் போகிற டீச்சர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எல்லோரும் அமுக்கினார்கள். ரைட்டர் முதலில் ஆண் என்று அமுக்கிவிட்டு, மரியஅந்தோணி வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டதும் மாற்றிக்கொண்டார். ஒரே ஓர் ஆள்தான் அமுக்கவில்லை. தையல்கடை ஆசிர். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கேட்டதற்கு, எனக்கு இதில் வேண்டாம் அண்ணா என்று முனகிக்கொண்டு, துணிமூட்டையைத் தோளில் போட்டு, மீதி மேட்டை நடந்தே ஏறினான். பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் மரியஅந்தோணி. கூட வாசிக்கிறவனுக்கே மனசு வரவில்லை என்றால் மிஷினை என்ன சொல்வது.

போகும்போதும் வரும்போதும், அடுத்தடுத்த நாளும் வண்டி அந்த வளைவில் நின்றது. கொட்டச்சேடு ஆட்கள் வேறு ஜீப்புக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் போய் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கேட்டார். மழை தூறினால் குடை பிடித்துக்கொண்டு கேட்டார். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாத மனிதர். ஒரு வார்த்தை 'வா மேரி' என்றிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல முடியாமல், மலையிலிருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு முடிந்தது. 'இன்பமேரி பாடுகிறார்.' ஊக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் நின்றது.

"ஜெயிச்சுட்டீங்க பெரீப்பா. மிஷினு இனி மாத்தாது," என்றாள் ஃபெபி. பிறகு குரலை இறக்கினாள். "கம்பெனியில இன்னொன்னும் சேத்துட்டாங்க. ஊக்குல யாரு பேரு இருக்கோ, அவங்க வீட்டு ஆளுகளுக்கு அதுவே தகவல் அனுப்பிடும். யாரு எத்தன தடவ பாத்தாங்கன்னும் சொல்லிடும்."

"எத்தன தடவன்னுமா?"

"ஷீனாக்காவுக்குப் போயிருச்சு."

மரியஅந்தோணி போனை அவசரமாகச் சட்டைப்பைக்குள் தள்ளினார். அந்த எண்ணிக்கை அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஷீனா கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா பாத்துட்டாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. சிரிக்கிறாங்க. உக்காந்து சிரிக்கிறாங்க, எந்திரிச்சுப் போயிச் சிரிக்கிறாங்க. ஜீப்ப நிறுத்தி ஓட்டு வாங்குனீங்கன்னு ஃபெபி போன்ல சொன்னதும் அழுதுட்டே சிரிக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கும்மான்னே சொல்லிட்டேன்."

பெருமையில் சிரிக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார். வாசலில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை உடனே நிறுத்திவிட்டார்.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் இன்பமேரி வந்து இறங்கினாள். மரியஅந்தோணி பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவளே பேசினாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்டு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சு மேரி," என்றார் தரையைப் பார்த்து. "மொதல்ல எனக்குத்தான் தெரியல."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வீட்டுக்குள் போனவள், வேறு சேலைகூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மரியஅந்தோணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே ஆசிரின் தையல்கடைக்கு நடந்தார். அவன் பொறாமையை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த திருவிழாவில் அந்த வரியை இன்பமேரி தனியாகப் பாடட்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும், ஃபாதரிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னார்.

ஆசிர் தையல் மிஷினை நிறுத்தினான். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு தன் சன்னக் குரலில் சொன்னான்:

"அண்ணா, அன்னிக்கு அக்காவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சுன்னு அவங்க வாய மட்டுந்தானுங்க அசைச்சாங்க, பின்னாடி நின்னு பாடுனது நானு, 'இத்தன வருசம் ஒரே ஊட்டுல இருந்தும் என்ற கொரலு எதுன்னு இந்த மனுசனுக்குத் தெரியலையே'ன்னுதானுங்க அக்கா ஓசூரு பஸ் ஏறுனாங்க."