நூலகத்துப் பின்சுவர் மீட்டர்

நூலக விளக்குகளில் பாதியைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. மின்சாரச் செலவு இரண்டு மடங்காகியிருந்தது.

தலைவி மீட்டரைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நூலகத்துப் பின்சுவரில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தும் பார்த்தாள். முதல் வாரம் நாற்பத்திரண்டு யூனிட். இந்த வாரம் எண்பத்தொன்று.

"விளக்கைக் கழட்டினா கரண்ட் ஏறுமாடா?"

"அப்படிச் சொல்ல முடியாது," என்றான் மறுப்பு.

அவன் எப்போதும் அப்படித்தான். மழை பெய்கிறது என்றால்கூட, குடையை விரித்துக்கொண்டே "அப்படிச் சொல்ல முடியாது" என்பான். அதனால்தான் கல்லூரியில் அவனுக்கு அந்தப் பெயர்.

தலைவியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. குழுவுக்குத் தலைவர் யார் என்ற பேச்சு வந்தபோது அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தலைவியாகியிருந்தாள்.

வேலை எளிமையானதுதான். கடைசிப் பருவத்தின் கட்டாயப் பாடம், 'சுற்றுச்சூழலும் குழுப்பணியும்'. நான்கு பேர் கொண்ட குழு ஐந்து வாரத்தில் நூலகத்தின் மின்சாரச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். குறையாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், தலைவிக்கு வந்திருக்கும் வேலை உத்தரவை பஜ்ஜி மடிக்கத்தான் பயன்படுத்தலாம். அந்த உத்தரவைப் பற்றி அவள் அம்மா ஏற்கெனவே சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட மாமா, அந்த மாமாவுக்கு வேண்டாதவர்கள் வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

"பதறாதீங்க," என்றாள் அட்டவணை. தும்மல் வந்தால்கூட நான்கு கட்டம் போட்டு அதற்குள் தும்முகிறவள். "பேராசிரியை கொடுத்த கையேட்டுல என்ன போட்டிருக்கு? சிக்கல் வந்தா சிறந்த குழு கூடிப் பேசும். கூடுவோம்."

கூடினார்கள். நூலகத்தை ஒட்டிய கருத்தரங்க அறையின் சாவியைப் பேராசிரியையே கொடுத்திருந்தார். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே நான்காவது உறுப்பினனான தூங்குமூஞ்சி கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, கையேட்டின் சொற்படி, 'கவனமாகச் செவிமடுத்துக்' கொண்டிருந்தான்.

மூன்று மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஒருமித்த முடிவு பிறந்தது. விளக்கு போதாது. மின்விசிறிகளையும் கழற்ற வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு விசிறியாக இறக்கியபடி, "பாவம்மா, படிக்கிற பிள்ளைங்க வெந்து போயிடும்," என்றார்.

"பூமியே வெந்துட்டிருக்கு அண்ணே," என்றாள் அட்டவணை. அவர் ஏணியை அடுத்த விசிறிக்கு நகர்த்தினார். பூமிக்காகப் பேசுகிறவர்களிடம் யார்தான் என்ன பேச முடியும்?

அந்த வாரம் நூலகத்தில் ஒருவர் டார்ச் விளக்கில் படித்தார். இன்னொருவர் பொருளாதாரப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார். அந்தப் புத்தகத்துக்கு அன்றுதான் முதல் தடவையாக ஒரு பயன் கிடைத்தது. நூலகர் தலைவியை வழிமறித்தார்.

"ஏம்மா, நீங்க கரண்டைக் குறைக்கறீங்களா, ஆளைக் குறைக்கறீங்களா?"

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்க சார்."

"நான் பொறுத்துக்குவேன். புத்தகத்துல எல்லாம் வேர்வை சொட்டுது, அது பொறுக்காது."

மூன்றாவது வார யூனிட் நூற்று முப்பது.

உடனே அவசரக் கூட்டம். அட்டவணை புரொஜெக்டரில் பதினோரு வண்ணங்களில் ஒரு படம் காட்டினாள். கோடு இடது கீழ் மூலையில் கிளம்பி, வலது மேல் மூலையைக் கிழித்துக்கொண்டு சுவரில் ஏறியது.

"இதுல இருந்து என்னடி தெரியுது?" என்றாள் தலைவி.

"ஏறுதுன்னு தெரியுது."

"அது எனக்கு மீட்டரைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது."

"அப்ப உனக்கு நிறம் பிரிச்சுக் காட்டலையே?"

மறுப்பு எழுந்தான். "இந்தக் குழுல கட்டம் போடறதைத் தவிர வேற வேலை நடக்கல."

"நீ செஞ்ச வேலையைச் சொல்லு, அதுக்கும் ஒரு கட்டம் போடறேன். காலியா இருந்தா அழகா இருக்கும்."

"சண்டை போடாதீங்கப்பா," என்றது போர்வை.

சண்டை முற்றியது. அட்டவணை தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனாள், மறுப்பு இன்னொரு பக்கம் போனான். தூங்குமூஞ்சி வீட்டிலேயே தூங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். ஒரு வாரம் யாரும் யார் முகத்திலும் விழிக்கவில்லை. கருத்தரங்க அறை பூட்டிக் கிடந்தது.

வீட்டில் அம்மா, "மார்க் எப்ப வரும்?" என்று கேட்டபோதெல்லாம் தலைவி, "வந்துட்டே இருக்கும்மா," என்றாள்.

"நடந்தா வருது?"

வாரக் கடைசியில், செத்த பாம்பை எட்டிப் பார்ப்பதுபோல மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

ஆறு யூனிட்.

நூற்று முப்பது எங்கே, ஆறு எங்கே! ஒரு முழு நூலகமும் ஒரு வாரம் ஆறு யூனிட்டில் ஓடியிருக்கிறது. குழு ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாத வாரம் அது. தலைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. மூவருக்கும் போன் போட்டாள்.

"டேய், ஆறு!"

"அப்படிச் சொல்ல..." என்று தொடங்கிய மறுப்பு, "ஆறா?" என்றான்.

சமாதானம் ஆனது. வெற்றியைப் போல உறவைச் சேர்க்கும் பசை வேறில்லை. எல்லோரும் மறுபடி கூடி, கெட்டிலில் தேநீர் கொதிக்க வைத்து, ஒரே ஒரு கேள்வியை அலசினார்கள்: அந்த வாரம் நாம் எதைச் சரியாகச் செய்தோம்?

"நம்ம விழிப்புணர்வுப் போஸ்டர் மெதுவா வேலை செஞ்சிருக்கு," என்றாள் அட்டவணை.

"போஸ்டரே இன்னும் ஒட்டலையே," என்றாள் தலைவி.

"அதான் மெதுவான்னு சொன்னேன்."

இரண்டு நாள் அலசிய பிறகு தலைவி மீட்டரைப் போய்ப் பார்த்தாள். எழுபது! இரண்டே நாளில் எழுபது! ஓடி வந்து கதவைச் சாத்தினாள்.

"யாரோ திருட்டுக் கரண்ட் எடுக்கறாங்க. போன வாரம் ஊருக்குப் போயிருந்திருப்பாங்க. இப்பத் திரும்பிட்டாங்க."

இதை மறுப்புகூட மறுக்கவில்லை. உடனே காவல் போடுவதென்று முடிவாயிற்று. கருத்தரங்க அறையின் ஜன்னல் வழியே நூலக வாசலை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, நால்வரும் மாறி மாறிக் கண்காணித்தார்கள். உள்ளே போனவர், வெளியே வந்தவர், பை வைத்திருந்தவர், பை வைத்திருந்தும் சந்தேகம் வராதபடி நடந்தவர் என்று அட்டவணை நான்கு கட்டம் போட்டாள். தூங்குமூஞ்சி இன்னொரு போர்வை கொண்டு வந்தான். திருடன் மட்டும் சிக்கவில்லை.

ஐந்தாவது வார யூனிட் இருநூற்றுப் பதின்மூன்று.

மறுநாள் பேராசிரியை நேரில் வந்துவிட்டார். நால்வரையும் மீட்டர் முன்னால் வரிசையாக நிறுத்தி, அறிக்கையைப் புரட்டினார்.

"அஞ்சு மடங்கு! குறைக்கச் சொன்னேனா, பயிர் பண்ணச் சொன்னேனா?"

"யாரோ திருடறாங்க மேடம்," என்றாள் தலைவி. "நாங்க எதையும் கூடிப் பேசித்தான் செஞ்சோம். இந்த வாரம் பத்து மணி நேரம் உக்காந்து காவல் காத்திருக்கோம், தினமும். எனக்கு வேலை உத்தரவு வந்திருக்கு மேடம்..."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். கல்லாகத் தெரிந்த முகம் கொஞ்சம் இளகியது.

"சரி, ஒண்ணு செய்யறேன். குறையலைன்னாலும் பரவாயில்ல. இவ்வளவு ஏறினதுக்கு யார் காரணம்னு கண்டுபிடிச்சு, ஆளை என் முன்னாடி நிறுத்துங்க. நாலு பேருக்கும் பாஸ் போடறேன். முடியலைன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்."

தலைவி அட்டவணையைப் பார்த்தாள். அட்டவணை மறுப்பைப் பார்த்தாள். மறுப்பு தன் செருப்பைப் பார்த்தான். தூங்குமூஞ்சி, வாழ்க்கையில் முதல் தடவையாக, முழுசாக விழித்திருந்தான்.

விசிறிகளைத் திரும்ப மாட்டுவதற்காக ஏணியோடு அந்தப் பக்கம் போன எலக்ட்ரீஷியன் நின்றார். மீட்டரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பேராசிரியையைப் பார்த்தார்.

"நூலகத்து மீட்டரு முன்வாசல்ல இருக்கு மேடம், இது இவங்க ஏசியைப் போட்டுக் கூட்டம் நடத்தற ரூமோட மீட்டரு, ஆளைத்தான் நிறுத்தணும்னா, நாலு பேரும் ஏற்கெனவே வரிசையா நிக்கறாங்களே!"